“லேசாத்தான் அடிக்குது” என்று விட்டுவிடலாமா?



இந்த இதழின் பாடம் வீட்டு மின்சாரத்தைப் பற்றியது. முன்பு லயத்தில் மின்சாரம் என்றால் காம்பிராவுக்கு ஒரு பல்ப், அவ்வளவுதான். இன்று டீவி, அயன், கேத்தில், ரைஸ் குக்கர், பிரிட்ஜ் என்று சாமான்கள் பெருகிவிட்டன. குளிர் தாங்காமல் வாளித் தண்ணீரில் ஹீட்டர் கொயில் போட்டுச் சுட வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாமான் பெருகியபோது இன்னொன்றும் கூடவே வந்துவிட்டது. அதுதான் ஷொக்.

“அக்கா, இந்த பிரிட்ஜ புடிச்சா சுருக்குன்னு இருக்கே?”

“லேசாத்தான் அடிக்குது. செருப்ப போட்டுக்கிட்டு தொறங்க, ஒன்னும் செய்யாது.”

இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம், சில வேளை நாமே சொல்லியும் இருக்கிறோம். இந்தப் பாடத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஷொக் மூன்று வகை

தொட்டால் சுருக்கென்று வருவது எல்லாம் ஒன்றல்ல.

முதலாவது, நிலைமின். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரியும். எண்ணெய் படாத தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரி, சீப்பைக் கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டே கொண்டு போனால் துண்டுகள் துள்ளி ஒட்டும். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னேற்றம் போய்ச் சேர்கிறது. அது உடம்பில் தேங்கி நின்று, நாம் ஓர் உலோகத்தைத் தொடப் போகும்போது ‘டிக்’ என்று பாய்ந்து விடுகிறது. கம்பளிச் சுவெட்டரைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் வருவதும் இதுதான். நாம் உணரும் அளவு நிலைமின் ஷொக்கில் ஏறக்குறைய 3000 வோல்ட் இருக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும் தேங்கியிருக்கும் மின்னேற்றம் மிகவும் குறைவு. கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆளைக் கொல்லாது.

இரண்டாவது, இரண்டு முள் பிளக் சாமான்களில் வரும் மெல்லிய கூச்சம். சில டீவி, டிக்கோடர், மடிக்கணினி ஆகியவற்றின் உலோகப் பகுதியை விரலின் பின்புறத்தால் தடவினால் எறும்பு ஊருவது போல இருக்கும். சாமானுக்குள் இரைச்சலை வடிக்கும் ஒரு சிறு உறுப்பு வழியாக, அனுமதிக்கப்பட்ட அளவு மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதால் இது வரலாம். அது மட்டும் என்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கூரையில் ஏறி அன்டெனா வயரைப் பிடிக்கிறவர் திடுக்கிட்டு விழுந்தால் கை கால் போகும்.

மூன்றாவது, உண்மையான கசிவு. சாமானுக்குள் உள்ள உயிர்க்கம்பியின் உறை தேய்ந்து, அல்லது ஈரம் புகுந்து, 230 வோல்ட் மின்சாரம் வெளி உலோகத்துக்கு வந்துவிடுகிறது. ஆளைக் கொல்வது இதுதான். முதல் நாள் லேசாகத்தான் அடிக்கும். அன்று நீங்கள் காய்ந்த தரையில், செருப்போடு நின்றிருப்பீர்கள். இன்னொரு நாள் உங்கள் பிள்ளை ஈரக் கையோடு, வெறுங்காலோடு, கழுவிய சிமெந்துத் தரையில் நின்று அதே கைப்பிடியைப் பிடிக்கும். கசிவு அன்றும் அதே கசிவுதான். உடம்பு வழியாகப் போகும் கரண்ட் மட்டும் பல மடங்கு கூடிவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உடம்பு வழியாக 1 மில்லி அம்பியர் போனால் சுருக்கென்று தெரியும். 10 மில்லி அம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50 மில்லி அம்பியருக்கு மேல் சில நொடிகள் போனால் இதயத்தின் துடிப்பே குழம்பிவிடக் கூடும். ஈரமான உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுக்க 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர் வருகிறது. ‘லேசாத்தான் அடிக்குது’ என்ற அதே பிரிட்ஜில் இவ்வளவும் காத்திருக்கிறது.

2. எது எந்த வகை என்று அறிவது எப்படி?

மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். நடந்ததை நினைத்துப் பார்த்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒரு தடவை ‘டிக்’ என்று அடித்து, உடனே இரண்டாம் முறை தொட்டபோது ஒன்றும் இல்லையா? அப்படியானால் நிலைமின்னாக இருக்கலாம். தொடும்போதெல்லாம், தொட்டுக்கொண்டிருக்கும் வரை விறுவிறு என்று இருந்ததா? அது கரண்ட்.

கை கால் ஈரமாக இருந்தபோது கூடுதலாக அடித்ததா? ஈரம் நிலைமின்னைக் குறைக்கும், கரண்ட் ஷொக்கைக் கூட்டும். ஆகவே ஈரத்தில் கூடுதலாக அடித்தால் அது நிலைமின் இல்லை.

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லாமல் போனதா? அப்படியென்றால் கரண்ட்தான்.

ஒருவருக்கு மட்டுமா, வீட்டில் எல்லாருக்குமா? எல்லாருக்கும் என்றால் கோளாறு சாமானில் அல்லது வயரிங்கில் இருக்கிறது. “எனக்கு உடம்பு சூடு, அதான்” என்று சமாதானம் சொல்லக் கூடாது.

காலத்தையும் பாருங்கள். நிலைமின் தேங்குவதற்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். நுவரெலியா பக்கத்தில் தை, மாசி மாதங்களில், உறைபனி விழும் காலத்தில், உலர்ந்த காலைப் பொழுதில் கம்பளியிலும் நைலோன் போர்வையிலும் நிலைமின் வரலாம். மழை கொட்டும் ஆடி மாதத்தில், லயத்துச் சுவரே வேர்த்து நிற்கும்போது ஒருவர் “இது நிலைமின்தான்” என்றால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது வகைக் கூச்சத்தையும் மூன்றாவது வகைக் கசிவையும் கையால் பிரித்தறிய முடியாது. சந்தேகம் என்றால் மூன்றாவது வகை என்றே எடுத்துக்கொண்டு சாமானை நிறுத்திவிட வேண்டும்.

டெஸ்டரைப் பற்றி ஒரு சொல். டெஸ்டர் ஸ்குரூட்ரைவர் மிகச் சிறிய கசிவுக்கும் எரியும். வெயில் வெளிச்சத்தில் எரிவது கண்ணுக்குத் தெரியாமலும் போகும். பிடிக்கிறவர் காய்ந்த பலகை மேல் நின்றால் எரியாமலும் இருக்கலாம். ஆகவே “டெஸ்டர் எரியல்ல, கரண்ட் இல்ல” என்று நம்பிக் கை வைப்பது தவறு.

3. எர்த் என்றால் என்ன? அல்லைப்பிட்டி மண்ணைப் பார்ப்போம்

மின்சாரத்தில் மூன்று கம்பிகள். கொண்டு வருவது உயிர்க்கம்பி. திருப்பிக் கொண்டு போவது நொதுமல் கம்பி. மூன்றாவது புவிக்கம்பி, நாம் எர்த் என்று சொல்வது. பழைய வயரிங்கில் இவை சிவப்பு, கறுப்பு, பச்சை. புதியதில் பிரவுன், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது.

எர்த் கம்பி சாதாரண நேரத்தில் ஒரு வேலையும் செய்யாது. சாமானின் உலோக உடம்பையும், வீட்டு வாசலில் மண்ணுக்குள் இறக்கிய குழாயையோ கம்பியையோ இணைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கசிவு வந்த உடனே, அந்தக் கரண்ட் உங்கள் உடம்பைத் தேடாமல் எர்த் வழியாக மண்ணுக்குப் போகும்.

இங்கேதான் மண்ணின் குணம் முக்கியமாகிறது. நம் நாட்டில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும்தான். எர்த்தை அந்தந்த வீட்டு மண்ணில் நாமே போட வேண்டும். எல்லா மண்ணும் ஒன்றல்ல. இதை விளங்கிக்கொள்ள நம் மலை மண்ணோடு முற்றிலும் வேறுபட்ட ஒரு மண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் போனவர்களுக்கு இந்த வழி தெரியும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பஸ் பண்ணைப் பாலத்தில் கடலின் நடுவே போகும். கரை ஏறியதும் வேலணைத் தீவின் கிழக்கு முனையில் வருவது அல்லைப்பிட்டி. அங்கிருந்து மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகாட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும். அல்லைப்பிட்டியில் பனை மரமும் வெள்ளை மணலும் கண்ணில் படும். மூன்று பக்கமும் கடல். மலை இல்லை, ஆறு இல்லை.

மின்சாரத்தால் அந்த ஊரும் நாமும் உறவுக்காரர்கள். டி. ஜே. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர் கனவு கண்ட லக்ஷபான நீர்மின் நிலையம் 1950-இல் நம் மலையில் இயங்கத் தொடங்கியது. 1990-க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரம் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. அங்கே மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. இன்று யாழ்ப்பாணம் மீண்டும் தேசிய மின்கட்டத்தோடு இணைந்திருக்கிறது. லயத்திலும் அல்லைப்பிட்டியிலும் ஓடுவது அதே 230 வோல்ட்தான். வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கிறது.

அல்லைப்பிட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கிணற்றடியில் தண்ணீர் மோட்டர். மாரி மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும். அப்போது மண் நனைந்து, உப்பும் கலந்திருப்பதால் கரண்ட் மண்ணுக்குள் இலகுவாகப் போகும். பிறகு நீண்ட வெயில். மேல் மணல் காய்ந்து பொரியும். காய்ந்த மணலில் கரண்ட் எளிதில் போகாது. மாரியில் நன்றாக வேலை செய்த எர்த், ஆவணி வெயிலில் பெயருக்கு மட்டும் இருக்கும். மோட்டரில் கசிவு வந்தால் அதன் இரும்பு உடம்பிலேயே கரண்ட் நிற்கும். கிணற்றுக்கட்டோ எப்போதும் ஈரம். தண்ணீர் அள்ள வருகிறவர் வெறுங்காலோடு வந்து, “இஞ்சை மோட்டரைத் தொட்டால் கரண்ட் அடிக்குது” என்பார்.

உப்பு இன்னொரு வேலையும் செய்யும். இரும்பைத் தின்னும். கடற்காற்று படும் ஊரில் எர்த் குழாயும், அதில் கம்பியைப் பிடித்து வைக்கும் கிளாம்பும் சில ஆண்டுகளில் துருப்பிடித்து உதிரும். வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், உள்ளே தொடர்பு அறுந்திருக்கும். 1990-இலும் 2006-இலும் அல்லைப்பிட்டி மக்கள் இடம்பெயர நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்புகிறவர், பழைய வயரிங்கையும் எர்த்தையும் சோதிக்காமல் கரண்ட் எடுக்கக் கூடாது. தோட்டத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த லயத்தைத் திறக்கிறவர்களுக்கும் இதே விதிதான்.

ஒரு சுவையான செய்தி. 1977-இல் இதே அல்லைப்பிட்டியில் பழைய சீனப் பீங்கான் ஓடுகள் அகப்பட்டன. சீனாவின் சொங் அரச காலத்தவை, ஏறக்குறைய 900 ஆண்டுப் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். உப்பு மண்ணில் இத்தனை காலம் கிடந்தும் பீங்கான் கெடவில்லை. இரும்புக் குழாயோ சில ஆண்டுகளில் கரைந்து போகும். மின் தூணில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழும் பீங்கான்தான். கரண்டைக் கடத்தாது, துருவும் பிடிக்காது. எர்த்துக்கு வேண்டியது நேர் எதிர். கரண்டை நன்றாகக் கடத்த வேண்டும், அதே நேரம் மண்ணில் கரையாமலும் இருக்க வேண்டும். அதனால்தான் செப்பு பூசிய கம்பி நல்லது என்கிறார்கள்.

இனி நம் மலை மண். இங்கே உப்பு இல்லை. சரிவில் மேல் மண் சில அடிதான், கீழே பாறை. எர்த் கம்பி பாறையில் முட்டி நின்றுவிட்டால் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை மட்டும் புதைத்துவிட்டுப் போகிற வேலையும் நடக்கிறது. பாறை கரண்டைக் கடத்தாது. பழைய காலத்தில் எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மலை மழையில் அந்த உப்பு கரைந்து ஓடிவிடும், போகிற போக்கில் கம்பியையும் அரிக்கும். ஆகவே ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, முழு நீளக் கம்பியை இறக்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் தள்ளி இன்னொன்று இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும்.

நம் ஆபத்துக் காலமும் வேறு. அல்லைப்பிட்டியில் வெயில் காலத்தில் எர்த் பலவீனப்படும். ஹட்டன், தலவாக்கலை பக்கம் வைகாசி தொடங்கி வரும் தென்மேற்கு மழையில், ஊவாப் பக்கம் ஐப்பசிக்குப் பிறகு வரும் மழையில், சுவர் ஊறி வயரிங்கில் கசிவு கூடும். இரண்டு ஊரிலும் ஆபத்து ஒன்றுதான், அது வரும் மாதம்தான் வேறு.

4. எர்த் மட்டும் போதுமா?

“எங்க வீட்டுல எர்த் இருக்கு, பியூசும் இருக்கு. அப்புறம் என்ன?” என்று கேட்பீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

சுமார் 5 அடி எர்த் கம்பியின் தடை, ஈரமான உப்பு மண்ணில் ஏறக்குறைய 12 ஓம், சாதாரண மண்ணில் 60 ஓம், காய்ந்த மணலில் 600 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஓமில் 230 ÷ 12 = 19 அம்பியர் அளவு. 5 அம்பியர் பியூஸ் போய்விடும். பிழைத்தோம்.

60 ஓமில் 230 ÷ 60 = ஏறக்குறைய 3.8 அம்பியர். 5 அம்பியர் பியூஸ் போகாது. சாமானின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

600 ஓமில் 230 ÷ 600 = 0.38 அம்பியர். பியூசுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது 380 மில்லி அம்பியர். ஆளைக் கொல்ல அதைவிடக் குறைவே போதும்.

இதனால்தான் எர்த்தோடு ட்ரிப் சுவிட்சும் வேண்டும். உயிர்க்கம்பியில் போன கரண்டும் நொதுமல் கம்பியில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வீடுகளில் வழக்கமாகப் போடும் ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் வழி தவறிப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டுக் கரண்டையே துண்டித்துவிடும். மேலே சொன்ன மூன்று மண்ணிலும் அது வேலை செய்யும்.

அப்படியானால் ட்ரிப் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய உடனே ட்ரிப் விழும். எர்த் இல்லாவிட்டால் கரண்ட் மண்ணுக்குப் போக வழி இல்லாமல் சாமானில் காத்து நிற்கும். யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் ட்ரிப் விழும். எர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிட்சைச் சோதித்துப் பார்க்கும் ஆள் உங்கள் பிள்ளையாகவே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் இரண்டு கையால் பிடித்தால் ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றாது. அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. ஆனால் பொத்தானுக்கு விழுந்தால் சுவிட்ச் நல்லது என்று மட்டுமே அர்த்தம். எர்த் நல்லதா என்பதை எலக்ட்ரீசியன் அதற்குரிய மீட்டரால் அளந்துதான் சொல்ல வேண்டும்.

5. லயத்தில் நடக்கும் ஐந்து தவறுகள்

ஒன்று, ‘டைரக்ட்’ போடுவது. “ட்ரிப் விழுந்துகிட்டே இருந்திச்சு, டைரக்ட்டா போட்டுட்டோம்.” ட்ரிப் விழுவது எங்கோ கசிகிறது என்பதற்கு அடையாளம். அதை விலக்கிவிடுவது, கள்ளனைக் கண்டு குரைக்கும் நாயை அடித்துத் துரத்துவது போன்றது.

இரண்டு, இரண்டு முள் பிளக்கைப் பேனா மூடியால் மேல் துளையைக் குத்தித் திறந்து செருகுவது. சதுர முள் பிளக்கில் மேலே உள்ள நீள முள்தான் எர்த். அது முதலில் உள்ளே போய் மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கும். பேனா மூடி அந்தப் பாதுகாப்பை ஏமாற்றுகிறது. மூன்று முள் அயனின் பிளக்கை வெட்டி இரண்டு முள் போடுவது அதைவிடப் பெரிய தவறு.

மூன்று, எர்த்தையும் நொதுமலையும் ஒன்றாக முடிவது, அல்லது நொதுமலுக்குப் பதிலாக எர்த் கம்பியில் பல்ப் எரிப்பது. எங்காவது நொதுமல் அறுந்தால், அப்படி முடிந்த வீட்டில் உலோகச் சாமான் அத்தனையிலும் கரண்ட் ஏறும்.

நான்கு, தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்புவது. பழைய இரும்புக் குழாய் மண்ணோடு தொடர்பாக இருந்தது. இன்று நடுவில் பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டார்கள். அந்த எர்த் செத்துப்போனது. உங்கள் வீட்டுக் கசிவு அடுத்த வீட்டுத் தண்ணீர்க் குழாயில் போய் நிற்கக் கூடும்.

ஐந்து, ஒரு காம்பிராவிலிருந்து அடுத்த காம்பிராவுக்குக் கூரைத் தகரத்தின் மேல் வயர் இழுப்பது. தகரத்தின் விளிம்பு வயரை அறுத்தால் கூரை முழுவதும் கரண்ட். அதில் கட்டிய உடுப்புக் காயவைக்கும் கம்பியிலும் கரண்ட். லயத்தில் கூரையும் சுவரும் பொது. உங்கள் வீட்டுக் கோளாறு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொல்லலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

6. கோளாறு எங்கே? நீங்களே தேடலாம்

ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு, இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் எல்லாச் சாமானின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். பிறகு ட்ரிப்பைத் தூக்கிவிடுங்கள்.

நின்றதா? ஒவ்வொரு சாமானாகச் செருகிப் போடுங்கள், ஆனால் சாமானின் உடம்பைத் தொட வேண்டாம். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. அதை ஒதுக்கி, பிளக்கில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள், வேறு யாரும் போட்டுவிடாமல் இருக்க. கேத்தில், அயன், ஹீட்டர் கொயில், பழைய பிரிட்ஜ் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

ஒரு சாமானும் இல்லாமலே விழுகிறதா? கோளாறு வயரிங்கில். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளி பல்ப், ஒழுகும் கூரைக்குக் கீழே உள்ள சுவிட்ச், கக்கூசு பல்ப் ஆகியவற்றை எலக்ட்ரீசியனுக்குக் காட்டுங்கள். அதற்கு மேல் நீங்கள் திறக்க வேண்டாம்.

எர்த்தையும் வெளியிலிருந்து கண்ணால் பாருங்கள். கம்பி மண்ணில் இறங்கும் இடம் எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். கம்பி அறுந்திருக்கிறதா? கிளாம்பு துருவேறி ஆடுகிறதா? தோட்டம் கொத்தும்போது மண்வெட்டி பட்டதா? ஆடு கட்டும் முளையாக யாராவது பயன்படுத்துகிறார்களா? அறுந்திருந்தால் கையால் முடியாதீர்கள், அதிலேயே கரண்ட் இருக்கக் கூடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும் ஆள் என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனாக இருக்கட்டும். லயத்துப் பொது வயரிங் என்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் நலன்புரி உத்தியோகத்தருக்கும் தலைவர் மூலம் எழுத்தில் கொடுங்கள். எந்த லயம், எந்தக் காம்பிரா, எந்தச் சாமான், மழையிலா வெயிலிலா என்று எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

7. ஒருவருக்குக் கரண்ட் பிடித்துவிட்டால்

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களையும் பிடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையிலோ பிளாஸ்டிக் கதிரையிலோ நின்று, காய்ந்த தும்புத்தடிக் கம்பால் வயரைத் தள்ளுங்கள். தூணிலிருந்து அறுந்து விழுந்த கம்பி என்றால் கிட்டேயே போக வேண்டாம், மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சும் பேச்சும் இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவர்களுக்கு 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்குங்கள். அம்புலன்ஸ் வரும் வரை விடாதீர்கள். சில இடங்களில் ஆளை மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கும் என்பார்கள். அது பொய். தொடர்பு துண்டித்த பிறகு உடம்பில் கரண்ட் தங்காது. மண்ணில் புதைக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். எழுந்து உட்கார்ந்து “ஒன்னும் இல்ல” என்று சொன்னாலும், பலமாக அடித்தவரை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இதயத்துக்குள் பட்ட அடி வெளியே தெரியாது.

நினைவில் வைக்க

அடித்து ஓய்ந்தால் நிலைமின், தொட்டபோதெல்லாம் அடித்தால் கரண்ட். ஈரத்தில் கூடினால் கட்டாயம் கரண்ட். எர்த்தும் வேண்டும், ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. செருப்பு மருந்தல்ல.

பிள்ளைகளுக்கான கேள்விகள்

(அ) ஒரு வீட்டு எர்த்தின் தடை 115 ஓம். கசிவு வந்தால் எத்தனை அம்பியர் போகும்? 5 அம்பியர் பியூஸ் போகுமா? 30 மில்லி அம்பியர் ட்ரிப் விழுமா?

(ஆ) அல்லைப்பிட்டியில் எர்த் எந்தக் காலத்தில் பலவீனப்படும்? ஏன்?

(இ) உங்கள் வீட்டு எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடம் எது? அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போய்ப் பார்த்து, தொடாமல், ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.

முதல் கேள்விக்கு விடை: 230 ÷ 115 = 2 அம்பியர். பியூஸ் போகாது, ட்ரிப் விழும்.

எழுத்து வாசிக்க முடியாத பாட்டி, தாத்தாவுக்கு இந்தப் பாடத்தை இன்று இரவே வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும், அடுத்த வேலையாக, “லேசாத்தான் அடிக்குது” என்று விட்டு வைத்த அந்தச் சாமானின் பிளக்கைக் கழற்றுங்கள்.